முழுக் கை

இடது கையால் நண்டை எடுத்து என் கூடையில் போடும்போதே வலது கையில் ஒவ்வொரு விரலாக மடக்குகிறாள் ஆரோக்கியமேரி. நாலாவது நண்டோடு விரல்கள் தீர்ந்துவிடுகின்றன. "போனதுக்கு ஒண்ணு" என்று சொல்லி ஐந்தாவதையும் போடுகிறாள்.

எங்கள் குப்பத்துக் கரையில் நண்டுக்கு அளவு கை. ஒரு கை என்றால் ஐந்து. பொன்னேரியிலிருந்து வருகிறவர்கள் அந்த ஐந்தாவதைக் கொசுறு என்று நினைத்து மகிழ்ந்து போவார்கள். அவள் திருத்துவதில்லை. "சந்தோசமா போறான், போவட்டுமே."

நாற்பதைத் தாண்டியவள். கொடுக்குக் கட்டும்போது நண்டோடு பேசுவாள்: "சும்மா கெட. உன் மாமியா வூடா இது, காலை நீட்றே?" செருப்பு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும்தான். அதையும் மாதா கோயில் வாசல் வரை கையில் எடுத்துப்போய் அங்கேதான் மாட்டுவாள்.

கெளுத்தி மீன் முள் குத்திச் சீழ் வைத்ததில் வலது சுண்டுவிரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். புண் ஆறி ஏலத்துக்குப் போன முதல் நாளே அந்தக் கூத்து நடந்தது. கரை ஏலத்தில் இரைச்சல் அதிகம். கேட்பதைக் கையால்தான் காட்ட வேண்டும். தனி விரல் ஒரு ரூபாய் ஏற்றம், விரித்த கை ஐந்து. இவள் கையை விரித்துத் தூக்கினாள். ஏலம் விடும் எல்லப்பன், "நாலு!" என்று கூவினான்.

"கைய்யா, கை!" என்று இவள் கத்துவதற்குள் குவியல் வேறொருவருக்குப் போய்விட்டது.

"இன்னாக்கா பண்றது? உன் கை இனிமே முக்காக் கைதானே" என்றான் எல்லப்பன். கரையே சிரித்தது. அன்றிலிருந்து முக்காக்கை மேரி. வலது கை முந்தானைக்குள் போய்விட்டது. ஏலத்தில் நிற்பதை விட்டாள். மற்றவர்கள் எடுத்த குவியலில் அவர்கள் கழித்ததை, அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கி விற்றாள். அதில் அடுப்பு எரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை.

எண்பத்தைந்தில் எங்கள் பஞ்சாயத்துக்கு டி.வி. வந்தது. அந்த அறையின் சாவி என் கணவர் தருமலிங்கத்திடம் இருந்தது. கணக்கு வாத்தியார் என்பதால் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை. ஞாயிறு காலையில் கார்ட்டூன் போடுவார்கள். அது பேசும் மொழி யாருக்கும் புரியாது. சிரிப்புக்கு அது தடையாக இருந்ததும் இல்லை. ஆரோக்கியமேரி பூசை முடிந்து நேரே வந்து கடைசியில் சுவரோடு நிற்பாள்.

ஒரு வாரம் தொப்பி போட்ட கரடி ஒன்று முட்டை வாங்கக் கடைக்குப் போனது. இரண்டு கையையும் விரித்துக் காட்டியது. கடைக்காரக் குரங்கு பத்து முட்டையை எண்ணிக் கொடுத்தது. கரடி வாழைத்தோலில் வழுக்கி விழ, எல்லா முட்டையும் உடைந்தது. அறை அதிரச் சிரித்தோம். பின்னாலிருந்து ஒரு குரல்:

"எட்டு வெரலைக் காட்டிட்டுப் பத்து முட்டை வாங்கிட்டான் பாரு, கேப்மாரி!"

எல்லோரும் பெட்டியை உற்றுப் பார்த்தோம். கரடிக்குக் கைக்கு நாலு விரல். குரங்குக்கும் நாலு. தெருவில் போகும் நாய் வரைக்கும் நாலு. இத்தனை ஞாயிறுகள் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

"வாத்தியாரே, இவனுங்களுக்கு இன்னா, ஊரோட கெளுத்தி குத்திடிச்சா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: "ஒரு அசைவுக்கே நிறையப் படம் வரையணும் மேரி. ஒரு விரலைக் குறைச்சா அவ்வளவு வேலை மிச்சம். ஆனா அந்த ஊர்ல கணக்கு உடையாது. நமக்குப் பத்துல ரெண்டு கையும் முடியுது, அவங்களுக்கு எட்டுல முடியும். ரெண்டும் முழுக் கைன்னா குரங்கு அதைப் பத்துன்னு எடுத்துக்கும்."

"அப்போ அங்க முக்காக் கைன்னு எவனும் இல்ல?"

"உனக்கே அது முக்கால் இல்லையே. அஞ்சுல நாலு. எல்லப்பனுக்குப் பின்னமே தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. "முழுக் கை காட்றான்னு கொரங்குக்கு எப்டித் தெரியுது?"

"கட்டைவிரலைப் பாரு. மடக்கினா குறைச்சல். விரிச்சா முழுசு."

அந்த மாதமே என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு ஆரோக்கியமேரி வந்தாள். "காலையில கரைக்கு வர்றியாம்மா? அவர் பாக்க வேண்டியது. நீ பாத்துடு" என்றாள்.

போனேன். நண்டுக் குவியலைச் சுற்றிக் கூட்டம். ஆரோக்கியமேரி முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து உயரத் தூக்கினாள். கட்டைவிரல் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரிந்திருந்தது.

"நா…" என்று எல்லப்பன் வாயெடுத்தான்.

"எண்ணாதய்யா. கட்டைவெரலைப் பாரு. மடங்குனாத்தான் கொறைச்சல். விரிஞ்சா கை."

"இது இன்னாக்கா புதுச் சட்டம்?"

"கரடி சட்டம். ஞாயித்துக்கெழம வந்து பாரு."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் கையை இறக்கவில்லை. அவள் கேட்ட விலைக்கு மேல் யாரும் போகவில்லை. ஏலத்தை முடிக்குமுன், கடைசியாகக் கேட்டதை ஏலம் விடுகிறவன் தன் கையால் ஒருமுறை கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டுவது வழக்கம். எல்லப்பன் ஐந்து விரலும் விரியக் கையைத் தூக்கினான். அதைத் தானே ஒரு கணம் பார்த்தான். பிறகு சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு, "ஒரு கை!" என்று கூவினான்.