சேர் இல்லாத இருபது நிமிடம்

மாணவர்களை ஆங்கிலத்தில் பேசத் தூண்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட நான், ஒரு மணிநேர வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் நானே பேசினேன். அதுவும் நான்கு வாரம். வகுப்பு பிரமாதமாக நடக்கிறது என்று வீட்டில் வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

லண்டனில் நான் கற்பிக்கும் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணத்தில் ஒன்றும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. வெள்ளிக்கிழமைகளில் இரு பக்கத்து மாணவர்களும் கணினித் திரையில் சந்தித்து உரையாட வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோ என்னைப் பிரதம விருந்தினராக்கிவிட்டார்கள். வாய் திறந்தால் எனக்கு வரவேற்புரை, அதை முடித்தால் நன்றியுரை. நடுவில் ஒன்றுமில்லை. கழுத்தில் மாலை மட்டும்தான் குறை. மிச்ச நேரத்தை நான் நிரப்பினேன்.

இரண்டாம் வாரமே அங்கத்தைய விரிவுரையாளர் மெல்லக் கேட்டார்: "அண்ணை, பிள்ளையளையும் கொஞ்சம் பேச விடுவமோ?"

"ஓம் ஓம், அதைத்தானே தம்பி இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

ஒரு பெண் மட்டும் வரவேற்புரைகூடச் சொல்லவில்லை. எழுத்தில் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. லண்டனில் ஒரு தவணை படிக்க ஒரேயொரு இடம் இருந்தது. அதற்கு அவள் வகுப்பில் ஐந்து நிமிடமாவது பேசிய பதிவு வேண்டும். ஐந்தாம் வாரம்தான் கடைசி.

அன்று லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் வீட்டிலிருந்து, கூச்சத்தை விடுவது எப்படி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது இணையம் அறுந்தது. இணையப் பெட்டியை அணைத்துப் போட்டேன், தட்டினேன், கெஞ்சினேன். நானில்லாமல் வகுப்பு பிணவறை போலக் கிடக்குமே, அந்தப் பிள்ளையின் இடம் என்னால் போகப்போகிறதே என்று வீட்டுக்குள் அங்குமிங்கும் ஓடினேன். இருபது நிமிடம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் கடவுச்சொல் வாங்கி, அவர் வாசலில் செருப்பில்லாமல் நின்றபடி கைபேசியில் நுழைந்தேன்.

ஒரே சிரிப்பு. டின் பீன்ஸைச் சூடாக்கிப் பாண் துண்டில் ஊற்றுவதெல்லாம் ஒரு சமையலா என்று, அந்தப் பெண் எங்கள் லண்டன் மாணவன் ஒருவனை ஆங்கிலத்தில் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் பதில் சொல்ல வாயெடுத்தால், "நோ, நோ, யூ வெயிட்!" என்று அடக்கினாள்.

என் பெயர் திரையில் தெரிந்தது.

"குட் ஆஃப்டர்நூன், சேர்," என்றது யாழ்ப்பாணம் ஒரே குரலில். பிறகு மயான அமைதி.

நல்லவேளை, பதிவு அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவள் பேச்சு மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல். இடமும் அவளுக்கே கிடைத்தது. முடிவு வந்த அன்று விரிவுரையாளர் தொலைபேசியில் வந்தார். நன்றி சொல்லத்தான் போலும் என்று தொண்டையைச் செருமித் தயாரானேன்.

"அண்ணை, அடுத்த தவணையும் செய்வம். உங்கட இன்டர்நெட்டை மட்டும் திருத்திப் போடாதேங்கோ."