பார்க்காமல் கொண்டு போகக் கூடாது

பீப்பாய்க்குள் தலையை விட்டு ஒரு மூச்சு இழுத்துப் பார்த்த பிறகுதான் இருதயம்மாள் காலைக் காப்பியையே தொடுவார். மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் சரி. துளி நாற்றம் அடித்தாலும் இருநூறு லிட்டரும் வாய்க்காலுக்குப் போய்விடும்.

மண்புழு உரத்தைத் துணிப்பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, நாட்டுச் சர்க்கரை கரைத்து, மீன்தொட்டி மோட்டாரால் ஒரு பகலும் ஓர் இரவும் காற்று ஊதுகிறார். உரத்தில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதில் கோடி கோடியாகப் பெருகும். இராயப்பன்பட்டியில் அதற்கு உரத்தண்ணி என்று பெயர்.

ஆஸ்பத்திரி லேபில் முப்பத்திரண்டு வருடம் சளியிலும் ரத்தத்திலும் கிருமி தேடிய கண் சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற கையோடு பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கிக் கொல்லைப்புற மேசையில் வைத்துவிட்டார். உரத்தண்ணி கேட்டு யார் வந்தாலும் முதலில் ஒரு சொட்டை அதில் பார்த்தாக வேண்டும். "பாக்காமக் கொண்டுபோனா அது வெறுந்தண்ணிதான்" என்பார். பார்த்தவர்கள் வந்த வேலையை மறந்து நின்றிருக்கிறார்கள். உருளுவதும் நெளிவதும் ஒன்றையொன்று விழுங்குவதுமாக அந்தச் சொட்டுக்குள் அப்படி ஒரு திருவிழாக் கூட்டம். எத்தனை தடவை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும்.

போன வாரம் தங்கப்பாண்டியன் கேன்களோடு வந்தார். இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் அவருக்கு. மூன்று போகமாகக் காய்ப்பே இல்லை. மறுநாள் கொடிகளைப் பிடுங்க ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது. மனைவி முனீஸ்வரியின் பிடிவாதத்துக்காகக் கடைசியாக இதையும் ஊற்றிப் பார்க்க வந்திருந்தார்.

இருதயம்மாள் சொட்டை வைத்துக் குனிந்தார். எதுவும் அசையவில்லை. இன்னொரு சொட்டு எடுத்தார். அதிலும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: உரத்தை ஊறப்போடும் முன் பீப்பாயைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தார். லேப் பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டது. தடுமன் பிடித்து மூக்கு அடைத்திருந்ததால் வாசமும் காட்டிக்கொடுக்கவில்லை.

கேனில் நிரப்பிக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இல்லாததை இருக்கிறதென்று அவர் ஒரு ரிப்போர்ட்டிலும் எழுதியதில்லை.

"இது செத்த தண்ணி தம்பி. நாந்தான் கொன்னுபுட்டேன். நாளைக்கழிச்சு வா."

தங்கப்பாண்டியன் கசப்பாகச் சிரித்தார். "மண்ணே செத்துப்போச்சுக்கா, இனி தண்ணி செத்தா என்ன?" என்று கேன்களைத் தூக்கினார்.

இருதயம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. சோதித்துப் பார்க்காமல் செத்துப்போச்சு என்று சொல்ல இவர் யார்? அவரை நிறுத்தி, செருப்பில் அப்பியிருந்த பந்தல் சேற்றைச் சுரண்டி, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து மைக்ராஸ்கோப் கண்ணாடியில் வைத்தார். வெகுநேரம் குமிழைத் திருகியபின் நகர்ந்து இடம் விட்டார்.

"இங்கன குனிஞ்சு பாரு."

தங்கப்பாண்டியன் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மங்கலாக, மெதுவாக ஏதோ ஒன்று நீந்திப் போனது. அதன் பின்னால் இன்னொன்று. எல்லாம் அவருடைய மண்ணில்.

கண்ணை எடுக்காமலே சட்டைப்பையைத் துழாவிப் போனை எடுத்து இருதயம்மாளிடம் நீட்டினார்.

"ஜேசிபி நாகராஜ்னு இருக்கும்க்கா. நாளைக்கு வரவேணாம்னு சொல்லிருங்க."