விரத நாளில் மீன் எண்ணெய்

கொடைக்கானல் மலைக்கிராமமான போளூரில் அன்னக்கொடிக்கு வாயாடி என்று பெயர். பூண்டு மூட்டையில் எடையில் ஏமாற்றிய வியாபாரியை லாரியிலிருந்து இறக்கி, மறுபடி தராசு பிடிக்க வைத்தவள். போன தைப்பூசத்திலிருந்து அவள் வாயைத் திறப்பதில்லை. புருஷன் போன துக்கம் என்று ஊர் நினைக்கிறது. அது பாதிதான் உண்மை.

புருஷன் கந்தவேலுக்கு அந்தப் பூசத்துக்கு எட்டு மாதம் முன் தாங்க முடியாத வயிற்றுவலி வந்து, திண்டுக்கல்லில் ரத்தம் எடுத்தார்கள். குழாயில் ரத்தம் படிந்ததும் மேலே பிரிந்து நின்ற நீர் பால் போல வெள்ளையாக இருந்தது. அவ்வளவும் கொழுப்பு. டாக்டர் மஞ்சளாக, கண்ணாடி போன்ற மாத்திரை ஒன்றைக் காட்டி விளக்கினார். உள்ளே இருக்கும் எண்ணெய் கல்லீரல் செல்களுக்குள் போய், கொழுப்பு தயாரிக்கும் வேலையைக் குறைக்கும், இருப்பதை எரிக்கும் வேலையைக் கூட்டும். நிறுத்தினால் கொழுப்பு ஏறிக் கணையம் வெந்துவிடும் என்றும் சொன்னார். எதிலிருந்து எடுத்த எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை, அன்னக்கொடியும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

கந்தவேல் வருடா வருடம் மாலை போட்டு, நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து பழனிக்கு நடப்பவன். அந்த நாட்களில் அன்னக்கொடியின் கெடுபிடி சொல்லி மாளாது. சட்டி பானையெல்லாம் புதுசு. பூண்டு விளைவிக்கிற வீடு, ஆனாலும் ஒரு பல் பூண்டு அடுப்படிக்கு வராது.

அந்த வருட விரதத்தின் இருபதாம் நாள் ஒரு மாத்திரை நசுங்கி அவள் விரலில் ஒழுகியது. கருவாட்டு வாடை. கொடைக்கானல் மருந்துக்கடையில் கேட்டாள். ஆழ்கடல் மீன் எண்ணெய்தான் என்று கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். இருபது நாளாக, மாலை போட்டவனுக்குத் தன் கையாலேயே மீனைக் கொடுத்திருக்கிறாள். அவனிடம் சொன்னால் மனசு உடைந்து மாலையைக் கழற்றிவிடுவான். பூசம் முடியட்டும், பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினாள்.

"டாக்டர் மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாருங்க," என்றாள். அவன் தலையாட்டினான்.

நடைப்பயணத்தின் இரண்டாம் நாள், மலை இறங்கும்போது கந்தவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவளிடம் அதே வெள்ளைக் குழாயைக் காட்டினார்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டார். கந்தவேல் ஒரு நிமிடம் அவளையே பார்த்தான்.

"நாந்தாங்க நிறுத்துனேன்."

டாக்டர் நகர்ந்ததும் அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குக் கோபம் வரவில்லை.

"ஏப்பம் விட்டா மீன் வாடை வருமே புள்ள, எனக்குத் தெரியாதா? மாலை போட்டன்னைக்கே முருகன்கிட்ட சொல்லிட்டுத்தான் முழுங்குனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்க?"

"சொன்னா நீ நிறுத்திப்புடுவேன்னு பயந்தேன்."

மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். கழுத்தில் மாலையோடு, விரதம் கெடாமல் போனானே, கொடுத்து வைத்தவன். இன்றைக்கும் சொல்கிறார்கள். இருபத்தெட்டு நாள் மாத்திரை டப்பாவில் அப்படியே இருக்கிறது. சொல்கிறவர்களுக்கெல்லாம் அன்னக்கொடி தலையை மட்டும் ஆட்டுகிறாள்.