வழக்கு இல்லாத வளைவு

இது நடந்தது. நம்பாதவர்கள் என் நோட்டை வந்து பார்க்கலாம். எழுத்து என்னுடையது.

தேனி மாவட்டத்தில் அடிக்கடி விபத்து நடக்கும் பன்னிரண்டு இடங்களை வரிசைப்படுத்தும் வேலை எனக்கு. முதல் மூன்று இடங்களுக்குத்தான் தடுப்பும் விளக்கும் வரும். மற்றதெல்லாம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். பார்க்க மாட்டார்கள்.

பண்ணைப்புரம் தாண்டி ஒரு வளைவு. அக்டோபர் 21, மாலை ஆறு மணி. நான் டேப் பிடித்து அளப்பதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டக்காரர் தவசி வந்தார்.

"இங்கன ஆறு பேரு செத்திருக்காக சார்."

"எஃப்.ஐ.ஆர். இருக்கா?"

"போலீசுக்குப் போனா உடம்ப அறுப்பாகல்ல? அதான், சொல்லாமலே அடக்கம் பண்ணிட்டாக."

வழக்கு இல்லையென்றால் விபத்தும் இல்லை. எங்கள் கணக்கு அப்படித்தான். பூஜ்யம் போட்டேன். பன்னிரண்டாம் இடம். தவசி தோட்டத்துக்குத் திரும்பிப் போனார்.

மழை பிடித்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். மணி 6.31.

காரின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

மறுபடி அமுங்கியது... மறுபடி...

சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பவில்லை. கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தோளால் இடித்தேன். அசையவே இல்லை.

கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. நானோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது தடவை அமுங்கியது.

பிடரியில் ஈரக் காற்று...

"எழுதிக்கங்க."

ஒரு பெயர். எழுதினேன். வேறு குரல், வேறு பெயர். ஒவ்வொன்றாக எழுதினேன். ஆறு.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

ஏழாவது தடவை...

"சுபாஸ்ரீ."

இளம்பெண்ணின் குரல். எழுதினேன். பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன். 6.42.

டக்.

கதவு திறந்துகொண்டது.

மறுநாள் தவசியிடம் நோட்டைக் காட்டினேன். ஆறு பெயர்களைப் படித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. செத்த ஆறு பேரும் அவர்கள்தான். ஏழாவது பெயரில் விரலை வைத்தார்.

"இந்தப் புள்ள நல்லாத்தான இருக்கு. கம்பத்துல காலேஜுக்குப் போயிட்டு வருது. இத அவுக அய்யாட்ட எப்படிச் சொல்ல?"

நான் அலுவலகத்துக்குப் போனேன். வளைவைப் பட்டியலில் மேலே ஏற்றக் கேட்டுப் பார்த்தேன். வழக்கு எண் எங்கே என்றார் அதிகாரி. காருக்குள் கேட்ட குரலை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? பன்னிரண்டாம் இடம் என்றே கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 19. அந்த வளைவுக்கு முதல் எஃப்.ஐ.ஆர். பதிவானது. ஸ்கூட்டியில் வந்த கல்லூரி மாணவி.

பெயர் சுபாஸ்ரீ.

நேரம் மாலை 6.42.