விளக்கும் எக்சாஸ்டும்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். சாமி விளக்கைக் குறை சொல்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம்தான். இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டேன். சமையல்கட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அல்சூரில் ஒரு சைவ ஓட்டலில் சாப்பாட்டுப் பக்கம் நான் மாஸ்டர். சுவருக்கு அந்தப் பக்கம் டிபன் செக்ஷன். அங்கே விவேக் நகர் அந்தோணி. எனக்குப் பின்னால் வந்தவன். அவன் தோசைக்கென்றே ஜனம் வந்தது. ஓனர் என்னைக் கூப்பிட்டால், "மாஸ்டர், சாம்பார்ல உப்பு பாருங்க" என்பார். அவனைக் கூப்பிட்டால், "அந்தோணி, காபி குடிச்சியாப்பா?" என்பார். எனக்கு வயிறு எரியும்.

மல்லேஸ்வரத்தில் புதுக் கிளை திறக்க இருந்தார்கள். அங்கே தலைமை மாஸ்டர் நான்தான் என்று வீட்டில் சொல்லியே விட்டேன். அந்தச் சமயத்தில் சமையல்கட்டின் சுத்தத்தைச் சோதிக்க ஒரு லேப் பெண் வட்டத் தட்டுகளோடு வந்தாள்.

"இது அகார் தட்டு மாஸ்டர். மூடியத் தொறந்து வெச்சா காத்துல இருக்கற பாக்டீரியா இதுல உக்காரும். அப்புறம் புள்ளி புள்ளியா வளரும்."

ஓனர் சிரித்தார். "ஆய்த்து, சரி, ரெண்டு பக்கமும் வெய்ம்மா. யார் பக்கம் சுத்தமோ அவங்களுக்கே மல்லேஸ்வரம்."

தினமும் பாத்திரம் தேய்ப்பதைப் பார்ப்பவன் நான். சாம்பிராணி போடாமல் அடுப்பு பற்றவைக்க மாட்டேன். அவன் பக்கம் என்ன இருக்கிறது? ஆனாலும் கோயிலுக்குப் போய், 'முருகா, அவன் தட்டிலே நிறைய முளைக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டேன்.

காலை வேலை நேரத்தில் தட்டுகளைத் திறந்து வைத்து எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், முளைத்தது என் தட்டில். மஞ்சளும் வெள்ளையுமாக, ரவையைக் கொட்டியது போல. அவன் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றும்.

அந்தப் பெண் கேட்டாள்: "காலைல எக்சாஸ்ட் ஃபேன் போடலியா மாஸ்டர்?"

"சாமிக்கு விளக்கு ஏத்தியிருக்கும்போது எப்படிம்மா போடறது? அணைஞ்சிடுமே."

"அந்நேரம் என்ன வேலை நடக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். பெருக்குவது, காய்கறி மூட்டையை உதறுவது எல்லாம் அந்நேரம்தான். அத்தனை தூசியும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியிருக்கிறது. அந்தோணி முதலில் எக்சாஸ்டைப் போட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் சிலுவைக் குறி போடுவானாம்.

மல்லேஸ்வரம் அவனுக்குப் போனது. அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடவில்லை.

கிளம்புகிற நாளில் அந்தோணி ஒரு கண்ணாடிக் குவளையோடு வந்தான்.

"அண்ணே, எங்க கோயில்ல மாதா முன்னாடி இதுக்குள்ளதான் மெழுகுவத்தி வெப்போம். காத்தடிச்சாலும் அணையாது. உங்க சாமிக்கு வெச்சுப் பாருங்க."

வாங்கிக்கொண்டேன். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அதிலும் எரிச்சல்தான். மறுநாள் அகல் விளக்கை அதற்குள் வைத்து எக்சாஸ்டைப் போட்டேன். சுடர் அசைந்தது, அணையவில்லை. அடுத்த முறை தட்டு வைத்தபோது என் பக்கமும் சுத்தமாக வந்தது.

பக்தியும் வேண்டும், காற்றுப் போக வழியும் வேண்டும். நான் கற்றது இதுதான். பிறருக்குச் சொல்லும்போது விளக்கால் கெட்டது என்று மாற்றிவிடாதீர்கள். கெட்டது நான் அணைத்து வைத்த எக்சாஸ்டால். குவளை கொடுத்தவன் அந்தோணி என்பதையும் விட்டுவிடாதீர்கள். எழுதும்போது அதை விட்டுவிட எனக்கே ஆசையாக இருந்தது.