கையில் ஆஸ் இருந்த வாரம்

மார்த்தா அக்காவை எங்கள் கம்பெனி கொன்றது. எதிர்பாராத விபத்து என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது தவளக்குப்பம் சந்திப்பில், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஏழுமலை போன் செய்தான்.

"எங்கடா இருக்க?"

"பஸ்சுக்கு நிக்கிறேன். அக்காவுக்கு எளநீ வாங்கியாரட்டுமா?"

"வாணாம். மெதுவா வா. இனிமே அவசரமில்ல."

சோப்புத்தூளும் தரை கழுவும் திரவமும் தயாரிக்கும் கம்பெனி அது. அக்கா கலவைப் பிரிவில் இருந்தார். ஏழுமலையும் அங்கேதான். நான் லோடு ஏற்றும் பிரிவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு நேரத்தில் அக்கா பெண்கள் கூட்டத்தை விட்டு எழுந்து வந்து, "தம்பி, ரம்மி தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அய்யய்யோ, அப்ப மொதல்ல அத மறக்கணும்" என்றார்.

அரியாங்குப்பத்தில் அவர் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு போக்கர் ஆட்டம் நடக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய அவர் சித்தப்பா கொண்டுவந்த ஆட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரியும். பந்தயத்துக்கு வரம்பு கிடையாது. எந்தச் சுற்றிலும் கையில் இருப்பது முழுவதையும் தள்ளலாம். எங்கள் பந்தயம் புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவர் எல்லோருடைய தட்டையும் கழுவ வேண்டும்.

நாங்கள் எல்லோரும் ரம்மியில் வளர்ந்தவர்கள். நல்ல கை வந்தால் முகத்தை மூடிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த சாமர்த்தியம். ஒருமுறை ஏழுமலைக்கு இரண்டு ஆஸ் வந்தது. தொடக்கத்தில் அதைவிடப் பெரிய கை கிடையாது. அவன் பந்தயத்தை ஏற்றாமல், ஒற்றைக் கொட்டையைப் போட்டுவிட்டுப் பூனை மாதிரி இருந்தான். மலிவாகக் கிடைத்ததே என்று அத்தனை பேரும் உள்ளே வந்தோம். நடுவில் ஒரு ஏழும் ஒரு எட்டும் விழுந்தன. ஏழும் எட்டும் வைத்திருந்த அக்கா இரண்டு ஜோடியோடு அவனைத் துடைத்து எடுத்துவிட்டார்.

"ஆஸ் ஜோடிக்கா! ஆஸ் ஜோடி! எப்டிக்கா தோத்தேன்?"

"ஏழும் எட்டும் வச்சிருக்கிறவள எதுக்குடா உள்ள வுட்ட? ஆரம்பத்துலயே நல்லா ஏத்தியிருந்தா நான் சீட்டக் கீழ போட்டுட்டு ஓடியிருப்பேன். ஊரையே விருந்துக்குக் கூப்ட்டுட்டு எல பத்தலன்னு அழுவுறியே. போ, போய்த் தட்டக் கழுவு."

பெரிய கையை ஒருவருக்கு எதிராக ஆடினால் பெரும்பாலும் வெல்லும். ஐந்து பேருக்கு எதிராக ஆடினால் யாருக்காவது ஏதாவது அமைந்துவிடும். "நல்ல கை பால் மாதிரி. வச்சிருக்க வச்சிருக்கத் திரிஞ்சிடும்" என்பார் அக்கா.

ஆனால் அவர் முரட்டு ஆட்டக்காரர் அல்ல. ஒரு ஞாயிறு அவருக்கு இரண்டு ராஜா வந்தது. கணிசமாக ஏற்றினார். சூடுபட்டபின், நல்ல கை இல்லாமல் ஒரு கொட்டையும் போடாத கஞ்சனாகிவிட்ட ஏழுமலை மட்டும் கூடவே வந்தான். நடுவில் ஓர் ஆஸ் விழுந்தது. அக்கா மறுபடி கொட்டை போட்டார். ஏழுமலை தன்னிடம் இருந்த அத்தனையையும் தள்ளினான். அக்கா அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு ராஜாவையும் திருப்பிக் காட்டிவிட்டுக் கீழே வைத்தார்.

"இன்னாக்கா, ராஜாவையே தூக்கிப் போட்டுட்டீங்க?"

"நீ ஒண்ணும் இல்லாம தள்றவன் இல்லடா. ஆஸ் வந்த எடத்துல ராஜா வெறும் சேவகன். கீழ வெக்கத் தெரியாதவனுக்கு நல்ல கை வராம இருக்கிறதே மேலு."

கலவைப் பிரிவுக்கு ஒரு பின்கதவு உண்டு. சோப்புத்தூள் திருட்டுப் போகிறது என்று சொல்லி மேனேஜர் அதற்குப் பூட்டுப் போட்டார். சாவி அவரிடம். திருடியது யார் என்று இன்றுவரை சொல்லவில்லை. திருட்டு நடந்ததா என்பதே எங்களுக்குத் தெரியாது. ஏழைகள் என்றால் திருடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. முன்வழியில் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பூட்டை எடுக்கச் சொல்லி அக்கா போய்க் கேட்டார். "பாத்துக்கலாம்மா" என்றார் மேனேஜர்.

பிறகு ஒரு பெரிய ஏற்றுமதி ஆர்டர் வந்தது. வாங்குகிறவர்கள் நேரில் பார்வையிட வருவதாக இருந்தது. கலவைப் பிரிவு ஒரு பொழுது கை கட்டி நின்றால் ஆர்டர் போய்விடும் என்ற நிலை. சாப்பாட்டு நேரத்தில் அக்கா எல்லோரையும் கூட்டினார்.

"இப்ப நம்ம கையில ஆஸ் ஜோடி. இந்த வாரம்தான். கதவத் தொறந்தாதான் மிஷினப் போடுவோம்னு இன்னைக்கே சொல்லிடணும்."

"இப்பவே வாணாங்க்கா" என்றான் ஏழுமலை. "போனஸ் வரட்டும். அப்பறம் வச்சிக்கலாம். நாம நெனைக்கிறது அவனுக்குத் தெரியாமலே இருக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அதே ரம்மிப் புத்தி. நானும் அக்காவும் மட்டும் போய் நிற்கலாம் என்றேன். "ரெண்டு பேரு தள்ளினா அது கை இல்ல தம்பி, வீம்பு" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினார். ஆர்டர் லாரி ஏறியது. போனஸும் வந்தது. அதற்குள் நிர்வாகம் பாதிப் பேரை ஒப்பந்த ஆட்களாக மாற்றிவிட்டது. யாரும் வாய் திறக்க முடியாமல் போயிற்று.

தீ பிடித்தது ஒரு மதியம். முன்வழி அட்டைப்பெட்டிகளில் மின்கம்பி பொறி தட்டியது. லோடு எடுக்க வந்திருந்த நானும் முன்பக்கம் நின்றவர்களும் வெளியே ஓடிவிட்டோம். அக்காவும் இரண்டு பெண்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். சாவி அவரோடு போயிருந்தது. கடப்பாரை கொண்டுவந்து பூட்டை உடைத்தபோது, அந்த இரண்டு பெண்களின் முகத்திலும் ஈரத்துணி கட்டியிருந்தது. அக்காவின் முகத்தில் இல்லை. அவர்கள் பிழைத்தார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை.

அடக்கத்துக்கு மேனேஜர் மாலையோடு வந்தார். "டிசிப்ளின் உள்ள தொழிலாளி" என்றார். அவர் போன பிறகு ஆபீஸ் ஆட்கள் இருவர், "சீட்டாடுற பொம்பளையாம்" என்று பேசிக்கொண்டார்கள். ஆமாம், ஆடினார். இந்த ஊரில் எப்போது ஏற்ற வேண்டும், எப்போது கீழே வைக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஏழுமலை தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரிகிறான். பூட்டை நீ போடவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு ஏறவில்லை.

போய் வாருங்கள், அக்கா. உங்களுக்கு இதைவிட நல்ல கூட்டாளிகள் அமைந்திருக்க வேண்டும்.

இன்று காலை கம்பெனி மறுபடி திறந்தது. பின்கதவைச் சரிசெய்து, புதுப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் வாசலிலேயே நின்றோம். எங்கள் கையில் இப்போது ஒன்றும் இல்லை. வெளியே வேலை கேட்டு இன்னொரு கூட்டம் நிற்கிறது. மேனேஜரின் கார் வந்தது. ஏழுமலை அதன் முன்னால் போய் நின்றான். அவர் ஹாரன் அடித்தார். அவன் நகரவில்லை. கண்ணாடியைத் தட்டினான்.

"சார், பின்கதவத் தொறங்க சார். சார், ஒங்களத்தான். கதவத் தொறங்க."