வீதியோரத்து ஆறும் அப்பாவின் வலது கையும்

நூறு அடி நடந்தாலே மூச்சு வாங்கும் ஒருவரை மலை ஆற்றில் மீன் பிடிக்கக் கூட்டிப்போக வேண்டுமென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கி, வீதியும் ஆறும் ஒட்டிக்கொண்டு ஓடும் இடமாகத் தேடினேன். வேல்ஸில் ஒன்று அகப்பட்டது. கார்க் கதவைத் திறந்தால் புல், புல்லைத் தாண்டினால் தண்ணீர். அந்த வீதியைப் போட்ட புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

அப்பாவுக்குப் போன மாரியில் பக்கவாதம். கால் மெல்லத் திரும்பியது, வலது கை திரும்பவில்லை. பாவித்தால்தான் வருமென்று பிசியோ பெண் சொல்லிச் சொல்லிக் களைத்தாள். அப்பாவோ நோர்பரி வீட்டு சோஃபாவில், யாரோ விட்டுப்போன பார்சலைப் போல அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, டிவியில் ட்ரவுட் மீன் பிடிக்கும் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஏலாதவனுக்கு என்னத்துக்குப் பிள்ளை தூண்டில்?"

"கை இருக்கப்பா. சோஃபாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறியள்."

ஈஸ்டர் லீவின் முதல் நாளே மூவரும் புறப்பட்டோம். மீன் பிடிக்கும் பெர்மிட் என் போனில். அம்மாவின் பையில் மிளகாய்த்தூள், உப்பு, தேசிக்காய், கத்தி.

அப்பாவை மடக்குக் கதிரையில் கரையிலேயே இருத்தினேன். இறகால் செய்த பொய்ப் பூச்சியை வீசுவது என் வேலை. முதலில் மரத்தில் கொழுவியது, பிறகு என் ஜாக்கெட்டில்.

"மீன் ஆத்துக்குள்ள, பிள்ளை," என்றார் அப்பா.

நாலாவது தடவை சரியாக விழுந்தது. தூண்டிலை அவரின் இடது கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மீன் கடித்துத் தூண்டில் வளைந்தது. நூலை இழுக்க மற்றக் கை வேண்டும்.

"பிடி பிள்ளை, பிடி!"

என் இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைகளுக்குள் போட்டேன். "நீங்களே இழுங்கோ."

என்னைத் திட்டினார். வலது கையைத் தூக்கினார். விரல்கள் நூலில் வழுக்கின, திரும்ப மடிந்தன, திரும்ப வழுக்கின. பிறகு பிடித்தன. ஒரு சாண் நூல் வந்தது. இன்னொரு சாண். அம்மா சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி வலையால் அள்ளினார். புள்ளி போட்ட, கையளவு ட்ரவுட்.

கத்தியை எடுக்கக் குனிந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு வெள்ளியெல்லோ. லீவெண்டவுடனே ஞாயிறெண்டு நினைச்சிட்டன்."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். மீன் சமைப்பதுமில்லை, வெட்டுவதுமில்லை.

"மீனுக்கு அது தெரியும்," என்றார் அப்பா. "அதான் துணிஞ்சு வந்து கொழுவினது." பக்கவாதத்துக்குப் பிறகு அவர் விட்ட இரண்டாவது பகிடி, இரண்டும் அன்றுதான்.

நான் தூண்டில் முள்ளைக் கழற்றினேன். அப்பா வலது கையைத் தண்ணீருக்குள் விட்டு, மீன் தானாக நீந்திப் போகும்வரை தாங்கிக்கொண்டிருந்தார். பெட்ரோல் ஸ்டேஷனில் வாங்கிய சிப்ஸில் மிளகாய்த்தூள் தூவி, தேசிக்காய்ப் புளி விட்டுக் காருக்குள் இருந்து சாப்பிட்டோம். அந்த மீனுக்கு நான் பட்ட கடன் பெரிது.

இப்போது அப்பா மேல்மாடியில் ஷேவ் எடுக்கிறார், வலது கையால்.